மூச்சு தயார், எலும்புக்கு இன்னும் அவகாசம் வேண்டும்

கேள்வி: எனக்கு 38 வயது. சுங்கை சிப்புட் அருகே ஒரு தோட்ட அலுவலகத்தில் கிராணியாக வேலை செய்கிறேன். இரண்டு பிள்ளைகள். தைப்பூசம் முடிந்த கையோடு ஓடத் தொடங்கினேன். இப்போது மே மாதம். வாரத்தில் ஐந்து நாள் ஓடுகிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் 12 கிலோமீட்டர் வரை போகிறேன். முன்பு போல மூச்சு வாங்குவதே இல்லை. இரவுச் சாப்பாட்டை விட்டுவிட்டதால் 7 கிலோ எடையும் குறைந்திருக்கிறது. கோலாலம்பூரில் இருக்கும் என் தம்பி, அக்டோபரில் நடக்கும் மராத்தானில் இருவருமாக 42 கிலோமீட்டர் ஓடலாம், பெயரைக் கொடு என்கிறான். கைப்பேசியில் 16 வாரப் பயிற்சி அட்டவணை ஒன்றும் வைத்திருக்கிறேன். ஆனால் இரண்டு வாரமாக வலது காலில், முழங்காலுக்குக் கீழே எலும்பு வலிக்கிறது. புரட்டாசிச் சனிக்கிழமைகளில் விரதம் இருப்பேன், அப்போது பயிற்சியை என்ன செய்வது? இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருக்கிறது. ஓடும்போது சில சொட்டுச் சிறுநீர் கசிகிறது. பிள்ளை பெற்றவள் ஓடினால் கர்ப்பப்பை இறங்கிவிடும் என்று மாமியார் முதல் நாளே சொன்னார். அவர் சொன்னது பலித்துவிட்டதோ என்று பயமாக இருக்கிறது.

— ஒரு வாசகி, சுங்கை சிப்புட்

பதில்:

அன்புச் சகோதரிக்கு வணக்கம்.

இந்த அக்டோபரில் 42 கிலோமீட்டருக்குப் பெயர் கொடுக்காதீர்கள். அதே நிகழ்ச்சியில் 10 கிலோமீட்டர் பிரிவு இருக்கிறது, அதற்குக் கொடுங்கள். 42 கிலோமீட்டரை அடுத்த ஆண்டு அக்டோபருக்கு வைத்துக்கொள்ளலாம். இன்றிலிருந்து இரண்டு வாரம் ஓட்டம் வேண்டாம். அந்தக் காலை இந்த வாரமே ஒரு மருத்துவரிடம் காட்டுங்கள். உங்களால் முடியாது என்பதற்காக இதைச் சொல்லவில்லை. மூன்றே மாதத்தில் 12 கிலோமீட்டர் வரை வந்தவர் நீங்கள். ஐம்பது வயதிலும் அறுபது வயதிலும் நீங்கள் ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஒரு பிசியோதெரபிஸ்டாக என் ஆசை. அந்த ஆசைக்கு இந்த வலி குறுக்கே நிற்கிறது.

முதலில் காலைப் பார்ப்போம். வாசற்படியில் உட்கார்ந்து வலது காலை இடது தொடைமேல் போட்டுக்கொள்ளுங்கள். உள்பக்கக் கணுக்கால் மொட்டுக்குச் சற்று மேலே, எலும்பின் உள்விளிம்பில் கட்டைவிரலை வைத்து அழுத்துங்கள். ஒவ்வொரு விரற்கடையாக மேலே நகர்ந்து முழங்காலுக்குக் கீழ்வரை வாருங்கள். வலி அந்த விளிம்பு நெடுக, நான்கு விரல் அகலத்துக்கு மேல் பரவலாக இருக்கிறதா? ஓடத் தொடங்கும்போது வலித்து, உடம்பு சூடானதும் குறைந்து, ஓடி முடித்தபின் மீண்டும் வருகிறதா? அப்படியானால் இது புதிதாக ஓடுகிறவர்களுக்கு அடிக்கடி வரும் கணைக்கால் எலும்பு உறை வலியாக இருக்க வாய்ப்பு அதிகம். ஓட்டத்தைக் குறைத்து, காலைப் பலப்படுத்தினால் அது தீரும். மாறாக, வலி ஒரு 20 சென் நாணயம் அளவுள்ள ஒரே இடத்தில் குத்துகிறதா? ஓட ஓடக் கூடுகிறதா? இரவில் படுத்தபிறகும் தெறிக்கிறதா? இவற்றில் ஒன்றுக்கு ஆம் என்றாலும் எலும்பில் மயிரிழை விரிசல் விழுந்திருக்கக்கூடும் என்று எண்ணியே நடந்துகொள்ள வேண்டும். குதித்துப் பார்த்துச் சோதிக்க வேண்டாம். எக்ஸ்ரே எடுத்து 'ஒன்றுமில்லை' என்று வந்தாலும் முழுமையாக நம்பிவிடாதீர்கள். முதல் இரண்டு மூன்று வாரங்களில் இந்த வகை விரிசல் எக்ஸ்ரேயில் பெரும்பாலும் தெரியாது. எம்.ஆர்.ஐ. படத்தில்தான் தெரியும். வலி தொடர்ந்தால் மருத்துவரிடம் அதைக் கேளுங்கள்.

இது ஏன் வந்தது என்பதை நீங்கள் விளங்கிக்கொள்வது முக்கியம். 'மூச்சு வாங்குவதே இல்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். காரணம் அங்கேதான் இருக்கிறது. ஓடத் தொடங்கிய சில வாரங்களிலேயே இரத்தத்தின் அளவு கூடுகிறது, இதயம் ஒவ்வொரு துடிப்புக்கும் அதிக இரத்தத்தைத் தள்ளப் பழகுகிறது, தசை ஆக்ஸிஜனைச் செம்மையாகப் பயன்படுத்துகிறது. ஆறேழு வாரத்தில் ஆளே மாறிவிட்டது போல் தோன்றும். தசைநாண்களும் எலும்பும் அந்த வேகத்தில் மாறுவதில்லை. அவற்றுக்கு மாதக்கணக்கில் அவகாசம் வேண்டும். எலும்பு வலுப்பெறும் முறையே அப்படி. தோட்டத்துச் சடக்கைச் செப்பனிடும்போது பழைய கல்லையும் மண்ணையும் தோண்டி எடுத்துவிட்டுத்தான் புதிய கல்லைப் போடுவார்கள். எலும்பும் பழைய பகுதியை முதலில் கரைக்கிறது, பிறகு புதிதாகக் கட்டுகிறது. தோண்டியது நிரம்புவதற்குள் பழக்குலை லாரிகள் ஓயாமல் ஏறி இறங்கினால் சடக்கு என்ன ஆகும் என்று உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. கரைத்த இடம் நிரம்பிக் கெட்டிப்பட ஏறத்தாழ மூன்று மாதம் பிடிக்கும். மூச்சு முட்டியிருந்தால் நீங்களே நின்றிருப்பீர்கள். மூச்சு நன்றாக இருந்ததால், உங்களை நிறுத்தச் சொல்ல எதுவும் இல்லாமல் போய்விட்டது.

உங்கள் கடிதத்தில் என்னை மிகவும் கவலைப்படுத்தியது கால் வலிகூட இல்லை, அந்த இரவுச் சாப்பாடுதான். 60 கிலோ எடையுள்ள ஒருவர் ஒரு கிலோமீட்டர் ஓட ஏறத்தாழ 60 கலோரி செலவாகிறது. வாரம் 35 கிலோமீட்டர் என்றால் இரண்டாயிரம் கலோரிக்கு மேல். அதற்கு மேல் அலுவலகம், வீடு, பிள்ளைகள் வேலை. இத்தனைக்கும் நடுவில் தினமும் ஒரு வேளைச் சாப்பாட்டைக் கழித்துவிட்டால் உடம்பு எதிலோ சிக்கனம் பிடிக்க வேண்டும். முதலில் கைவைப்பது ஹார்மோன்களிலும் எலும்பிலும்தான். உங்கள் மாதவிலக்கு ஒழுங்காக வருகிறதா? தள்ளிப்போகிறதா, அளவு குறைந்துவிட்டதா? எடை குறைகிறது என்ற மகிழ்ச்சியில் பல பெண்கள் இதைக் கவனிப்பதில்லை. மாதவிலக்கு நின்றுபோகும் அளவுக்குச் சாப்பாடு குறைந்தால் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் எலும்பு மெலிகிறது. அந்த நிலையில் எந்த அட்டவணையைப் பின்பற்றினாலும் விரிசலில்தான் போய் நிற்கும்.

ஆகவே இன்று இரவிலிருந்து சாப்பிடுங்கள். சோறு, பருப்பு, ஒரு கீரை, மீனோ முட்டையோ, சைவ நாளென்றால் தௌஃபுவோ தெம்பேயோ. நெத்திலியைத் தலையோடும் முள்ளோடும் சேர்த்துச் சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்து நன்றாகக் கிடைக்கும். ஓடி வந்த அரை மணி நேரத்தில் எதையாவது பசியாறுங்கள். இரண்டு இட்லியும் ஒரு முட்டையும் போதும். சாப்பாட்டுக்கு மேலேயே தேநீர் குடிக்கும் பழக்கம் நம் வீடுகளில் உண்டு. தேயிலையில் உள்ள டேனின், கீரையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ளவிடாமல் தடுக்கிறது. ஒரு மணி நேரம் கழித்துக் குடியுங்கள். எடை இன்னும் குறைய வேண்டுமென்றால் மெதுவாகக் குறையட்டும், இனிப்புப் பானங்களை விட்டாலே பாதி வேலை முடியும்.

இனி, கூச்சத்தோடு நீங்கள் எழுதிய செய்தி. எழுதியதற்கு உங்களுக்கு என் மனமார்ந்த நன்றி. இதைச் சொல்லாமலே ஓட்டத்தை நிறுத்திவிட்ட பெண்கள் ஏராளம். பிள்ளை பெற்ற பெண்களில் ஓடும்போதும், தும்மும்போதும், கயிறு தாண்டும்போதும் சிறுநீர் கசிவது மிகவும் சாதாரணம். கர்ப்பப்பை இறங்கிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை. சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் ஆகியவற்றைக் கீழிருந்து தாங்கும் இடுப்புத்தளத் தசைகள் பிரசவத்தில் நீண்டு தளர்ந்திருக்கும். ஒவ்வொரு அடியிலும் வரும் அதிர்வை அவை இன்னும் முழுமையாகத் தாங்கவில்லை, அவ்வளவுதான். மற்ற தசைகளைப் போல இவற்றையும் பயிற்சியால் பலப்படுத்த முடியும்.

பயிற்சி இதுதான். உட்கார்ந்தோ படுத்தோ, சிறுநீரையும் வாயுவையும் ஒரே நேரத்தில் அடக்குவது போல உள்ளே, மேல் நோக்கி இழுங்கள். தொடையோ பிட்டமோ இறுகக் கூடாது, மூச்சையும் அடக்கக் கூடாது. ஐந்து வினாடியில் தொடங்கிப் பத்து வினாடி வரை பிடித்து, முழுவதுமாகத் தளர விடுங்கள். தளர விடுவதும் பயிற்சியின் பகுதி. ஒரு வேளைக்கு 8 முறை, நாளுக்கு மூன்று வேளை, குறைந்தது மூன்று மாதம். சிறுநீர் கழிக்கும்போது பாதியில் நிறுத்திப் பழக வேண்டாம். மூன்று மாதத்தில் மாற்றம் தெரியாவிட்டால், இதற்கென்றே பயிற்சி பெற்ற பிசியோதெரபிஸ்டுகள் இருக்கிறார்கள். சுகாதாரக் கிளினிக்கில் சொல்லி, பெரிய அரசு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குக் கடிதம் வாங்கிக்கொள்ளுங்கள். கீழே பாரமாக இழுப்பது போலவோ, ஏதோ வெளியே தள்ளுவது போலவோ உணர்ந்தால் மட்டும் காத்திராமல் மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள்.

மாமியாரிடம் கோபப்படாதீர்கள். அந்தப் பயம் அவர் வீட்டில் பிறந்ததல்ல, உலகமே ஒரு காலத்தில் அதை நம்பியது. 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் 800 மீட்டர் ஓடி முடித்துக் களைத்துப்போனதைக் காரணம் காட்டி, 1960 வரை அந்தத் தூரத்தைப் பெண்களுக்கு ஒலிம்பிக்கில் வைக்கவே இல்லை. போஸ்டன் மராத்தானில் பெண்கள் அதிகாரபூர்வமாக ஓட 1972 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பெண்கள் நெடுந்தூரம் ஓடினால் கர்ப்பப்பை கெட்டுவிடும் என்ற பேச்சு அங்கும் இருந்தது. ஒலிம்பிக்கில் பெண்கள் மராத்தான் 1984-இல்தான் வந்தது. அமெரிக்காவின் ஜோன் பெனாய்ட் 2 மணி 24 நிமிடம் 52 வினாடியில் ஓடித் தங்கம் வென்றார். அதற்கெல்லாம் முன்பே, 1966 பேங்காக் ஆசிய விளையாட்டில் நம் நாட்டு எம். ராஜாமணி 400 மீட்டரில் தங்கம் வாங்கிவிட்டார். மாமியாருக்கு அந்தப் பெயர் நினைவிருக்கும், பேசிப் பாருங்கள். கர்ப்பப்பை இறங்குவதற்கு முக்கியமான காரணங்கள் பிரசவம், வயது, நாட்பட்ட இருமல், மலச்சிக்கலில் முக்குவது, அதிக எடை, ஓயாமல் பாரம் தூக்குவது ஆகியவை. ஆரோக்கியமான பெண்ணுக்கு ஓட்டத்தால் கர்ப்பப்பை இறங்கும் என்பதற்கு ஆதாரம் இல்லை.

இனி பயிற்சி. கைப்பேசியில் இருக்கும் 16 வார அட்டவணையை அழித்துவிடுங்கள். அவை பெரும்பாலும், ஓராண்டாவது வலியில்லாமல் ஓடி, வாரம் 25, 30 கிலோமீட்டர் பழகியவர்களுக்காகப் போட்டவை. முதல் இரண்டு வாரம் சமதளத்தில் நடை மட்டும், அதுவும் வலிக்காத அளவுக்கு. மருத்துவர் விரிசல் இல்லை என்று சொன்னபின், படியின் விளிம்பில் நின்று குதிகாலை ஏற்றி இறக்கும் பயிற்சியைச் சேருங்கள். முழங்காலை நிமிர்த்தி ஒரு சுற்று, சற்று மடக்கி ஒரு சுற்று, ஒவ்வொன்றும் 15 முறை. நாளடைவில் ஒற்றைக் காலில். கெண்டைக்கால் தசைதான் எலும்பின் மேல் விழும் சுமையில் ஒரு பங்கை வாங்கிக்கொள்கிறது, அது பலமாக இருந்தால் எலும்பு தப்பிக்கும். தொடர்ந்து ஒரு வாரம் அரை மணி நேர வேக நடை வலியில்லாமல் போனால், ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை என்று பத்துச் சுற்று. வாரத்தில் மூன்று நாள் மட்டும், ஒரு நாள் விட்டு ஒரு நாள். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஓடும் நிமிடத்தைக் கொஞ்சம் கூட்டுங்கள். நடுவில் நடப்பதை இழுக்காக நினைக்காதீர்கள். 1972 ஒலிம்பிக்கில் 10,000 மீட்டர் ஓடிய ஜெஃப் காலோவே, ஓட்டமும் நடையுமாக மராத்தானை முடிக்கும் முறையைப் பல்லாண்டுகளாகக் கற்றுக்கொடுத்து, அதன் மூலம் சாதாரண மக்கள் பலரை எல்லைக் கோட்டைத் தாண்ட வைத்தவர்.

வேகத்துக்குக் கடிகாரம் வேண்டாம். பக்கத்தில் ஓடுகிறவரிடம் வீட்டுச் செய்தியை முழு வாக்கியமாகச் சொல்ல முடிகிறதா? முடிந்தால் வேகம் சரி. நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் அதிகம், வியர்வை உலராமல் உடம்பிலேயே வழிகிறது. வியர்வை உலர்ந்தால்தான் உடம்பு குளிரும். குளிர் நாட்டார் எழுதிய அட்டவணையின் வேகத்தை இங்கே பிடிக்க முயன்றால் இதயம்தான் திணறும்.

நேரத்தைப் பொறுத்தவரை காலை ஐந்தரைதான் நல்லது. ஆனால் நம் பக்கம் விடிய ஏழு மணி ஆகிறது. தலை விளக்கும் மினுங்கும் மேலங்கியும் இல்லாமல் தோட்டச் சடக்கில் இறங்காதீர்கள். செம்பனைக்குள் எலி இருக்கும் இடத்தில் பாம்பும் இருக்கும். எனவே சடக்கின் நடுவில் ஓடுங்கள், ஓரப் புல்லில் வேண்டாம். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடந்து விலகுங்கள். ஓடுகிறவரைத்தான் அது துரத்தும். துணைக்கு லயத்திலிருந்து இன்னொரு பெண்ணைச் சேர்த்துக்கொண்டால் இன்னும் நல்லது. மாலையில் இடி முழக்கம் கேட்டால் அன்றைக்கு ஓட்டம் இல்லை. புகைமூட்டக் காலத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 100-ஐத் தாண்டினாலும் அப்படியே. காலணிக்கு விலை முக்கியமல்ல. மாலையில், கால் சற்று வீங்கியிருக்கும் நேரத்தில் வாங்குங்கள். பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும்.

புரட்டாசி விரதத்துக்கு ஓட்டத்தை விட வேண்டியதில்லை, விரதத்தையும் விட வேண்டியதில்லை. சனிக்கிழமை ஓய்வு நாளாக இருக்கட்டும். நீண்ட ஓட்டத்தை ஞாயிறு காலையிலேயே வைத்துக்கொள்வதானால், சனி மாலை விரதம் முடித்ததும் வயிறு நிறையச் சோறு சாப்பிட்டு, ஞாயிறு புறப்படும் முன் ரொட்டியும் ஒரு வாழைப்பழமும் எடுத்துக்கொள்ளுங்கள். விரதம் இருந்த உடம்போடு வெறும் வயிற்றில் நெடுந்தூரம் ஓடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். முடியாவிட்டால் அந்த மாதம் நீண்ட ஓட்டத்தை வியாழக்கிழமைக்கு மாற்றிக்கொள்ளலாம். இந்த ஆண்டு உங்கள் இலக்கு 10 கிலோமீட்டர்தான் என்பதால் இதற்கெல்லாம் இடம் இருக்கிறது. 42 கிலோமீட்டருக்குத் தயாராகிறவருக்கு இதே வாரங்கள்தான் மிகக் கடுமையான வாரங்கள்.

அடுத்த ஆண்டைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், தம்பியிடம் பேச உதவும். இந்த அக்டோபரில் 10 கிலோமீட்டர், அடுத்த ஆண்டு நடுவில் 21, பிறகு அக்டோபரில் 42. கடைசி நான்கைந்து மாதத்தில் வாரம் ஒரு நீண்ட ஓட்டம் மெதுவாக ஏறி 28, 30 கிலோமீட்டரைத் தொடும். நான்கு வாரத்துக்கு ஒரு வாரம் சுமையைக் குறைக்க வேண்டும். உடம்பு தசையிலும் கல்லீரலிலும் சேர்த்து வைக்கும் மாவுச்சத்து ஏறத்தாழ 2,000 கலோரிதான். 60 கிலோ எடைக்கு 42 கிலோமீட்டர் கேட்பது 2,500 கலோரி அளவில். முப்பதாவது கிலோமீட்டர் வாக்கில் பலர் கால் நகராமல் நின்றுவிடுவது அதனால்தான். ஆகவே ஓட்டத்தினிடையே மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து எடுத்துக்கொள்ளப் பயிற்சியின்போதே வயிற்றைப் பழக்க வேண்டும். தண்ணீரைத் தாகத்துக்குக் குடியுங்கள். பயந்துபோய் ஒவ்வொரு தண்ணீர் மேசையிலும் குடித்துத் தள்ளுவது ஆபத்து. 2002 போஸ்டன் மராத்தானில் 488 பேரின் இரத்தத்தைச் சோதித்தபோது நூற்றுக்கு 13 பேருக்கு சோடியம் குறைந்திருந்தது. அதிகம் குடித்து, ஓடி முடிக்கையில் எடை கூடியவர்களும், நான்கு மணி நேரத்துக்கு மேல் ஓடியவர்களும் அவர்களில் கூடுதல். நீண்ட ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பாருங்கள். ஒரு கிலோ குறைந்தால் ஒரு லிட்டர் வியர்வை போயிருக்கிறது. எடை கூடியிருந்தால் அளவுக்கு மீறிக் குடித்திருக்கிறீர்கள்.

கிளினிக்குக்குப் போகும்போது காலை மட்டும் காட்டிவிட்டு வராதீர்கள். வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான். இரத்த அழுத்தம், வெறும் வயிற்று இனிப்பு அளவு, இரத்தச் சோகைக்கான சோதனை மூன்றையும் கேளுங்கள். 2019 தேசிய சுகாதார ஆய்வில் நம் நாட்டுப் பெரியவர்களில் நூற்றுக்கு 18 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது. இனவாரியாகப் பார்த்தால் இந்தியர்களிடையே அது மிக அதிகம். உங்கள் பெற்றோரில் யாருக்காவது இளவயதில் மாரடைப்பு வந்திருந்தாலோ, ஓடும்போது உங்களுக்கு நெஞ்சு இறுக்கமோ தலைச்சுற்றலோ வந்திருந்தாலோ அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லுங்கள். எத்தனை நாள் ஓடுகிறீர்கள், எவ்வளவு எடை குறைந்தது, கடைசி மாதவிலக்கு எப்போது வந்தது என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துச் செல்லுங்கள். 'கால் வலி' என்று மட்டும் சொன்னால் வலி மாத்திரையோடு அனுப்பிவிடக்கூடும். இரவில் வலி தெறிக்கிறது என்றால் இந்த வாரக் கடைசிவரை தள்ளிப்போட வேண்டாம், நாளைக் காலையே போங்கள்.